எதில்மா விழுந்த வாரம்

எதில்மா குவால்திரோன் காப்பியை நின்றுகொண்டுதான் குடிப்பாள். கூட்டத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். புகாரமாங்கா நகரில் மேட்டுத்தெருவிலிருக்கும் அந்த மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவில் அவள் குரல் ஒரு கோடியில் கேட்கும்போதே அவள் காலடிச் சத்தம் இன்னொரு கோடியை எட்டியிருக்கும் என்று ஊழியர்கள் கேலி பேசுவார்கள். அவளுக்கும் அது தெரியும். தெரிந்து என்ன செய்ய? பிறவி அப்படி. பக்கத்து ஊரான பியெதெகுவெஸ்தாவில் அவளுடைய அம்மா சுருட்டு சுற்றுகிற தொழிற்கூடத்தில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஒரே பலகையில் உட்கார்ந்திருந்தவள். மகளால் அந்தப் பலகையில் ஒரு சுருட்டு சுற்றுகிற நேரம்கூட உட்கார முடிந்ததில்லை.

பிசியோதெரபி படித்துவிட்டு அவள் அந்த மருத்துவமனையில் சேர்ந்தபோது மறுவாழ்வுப் பிரிவு என்பது சலவைக்கூடத்தை ஒட்டிய இரண்டு அறைகள். சோப்பு வாடைக்கு நடுவில் நோயாளிகள் நடை பழகினார்கள். அவள் கெஞ்சியும் சண்டைபோட்டும் ஒவ்வொன்றாக வாங்கினாள். பிடித்து நடக்க இரட்டைக் கம்பி, சாய்தளம், கைப்பயிற்சிக்கான மேஜைகள், கடைசியில் தனி வார்டும் அதன் தலைவி பதவியும். பக்கவாதம் வந்தவர்கள், மோட்டார் சைக்கிளில் விழுந்தவர்கள், மலைப்பக்கம் கண்ணிவெடியில் காலை இழந்தவர்கள் என்று வார்டு காலியாக இருந்த நாளே கிடையாது.

வீட்டில் அவளுக்கு நேர்மாறாக ஒருவர் இருந்தார். கணவர் லிபார்தோ. பெண்களுக்கான செருப்புக்கும் ஷூவுக்கும் தோல் வெட்டுகிறவர். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. ஒரு நாளைக்கு நாலு வாக்கியம் பேசினால் அதிகம். அந்த ஊர் வழக்கப்படி இருவரும் ஒருவரையொருவர் ‘நீங்க’ என்றுதான் அழைத்துக்கொள்வார்கள், சண்டையிலும் சரி, கொஞ்சலிலும் சரி.

அந்த வருடம் மருத்துவமனையின் இயக்குநர் டாக்டர் சர்மியெந்தோ, மறுவாழ்வுப் பிரிவுக்குத் தேசியத் தரச்சான்று வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தார். தலைநகர் போகோட்டாவிலிருந்து ஆட்கள் வந்து சோதனை போடுவார்கள். சான்று கிடைத்தால் வாசலில் பித்தளைப் பலகை மாட்டலாம். பெரிய காப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் நோயாளிகளை இங்கேதான் அனுப்பும்.

“உங்களை நம்பித்தான் இறங்குறேன், எதில்மா” என்றார் அவர்.

அதுவரை ஓடிக்கொண்டிருந்தவள் அன்றிலிருந்து பறக்கத் தொடங்கினாள்.

சுவர்களுக்கு வெள்ளை அடித்தார்கள். கைகழுவும் தொட்டிகளுக்கு மேல் படங்கள் ஒட்டினார்கள். நோயாளிகளின் உரிமைகளைப் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தாழ்வாரம் நெடுக மாட்டினார்கள். வருகிறவர்கள் ஊழியர்களைக் கேள்வி கேட்பார்கள் என்பதால் எதில்மா காலையும் மாலையும் ஒத்திகை நடத்தினாள்.

“தீப்பிடிச்சா எந்தப் பக்கம் ஓடணும், நெல்சி?”

நெல்சி மாலை நேர உதவியாளர். பருமனான, எப்போதும் மூச்சு வாங்குகிற பெண். “வீட்டுப் பக்கம், டாக்டரம்மா” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எதில்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“நோயாளிங்களை யாரு தூக்கிட்டு வருவா?”

“சாயங்காலம்னா நான் ஒருத்திதான் இருக்கேன். எத்தனை பேரைத் தூக்குறது? ரோமுலோவைத்தான் நீங்க காலைக்கு மாத்திட்டீங்களே.”

அது உண்மைதான். மாலையில் நெல்சியோடு ரோமுலோ என்று இன்னொரு உதவியாளரும் இருந்தான். ஏணியில் ஏறவும் ஆணி அடிக்கவும் படம் மாட்டவும் ஆள் தேவைப்பட்டதால், சோதனை முடியும்வரை அவனைக் காலை வேலைக்கு மாற்றியவள் எதில்மாதான்.

“கொஞ்ச நாள் பொறுத்துக்கோ” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

வார்டில் அவளுக்குப் பெரிய தலைவலி ஜன்னலோரக் கட்டிலில் இருந்தது. பெயர் நொவோரா. பக்கத்து ஊர் ஃப்ளோரிதாபிளாங்காவின் பூங்காவில் தள்ளுவண்டி போட்டு ஒப்லேயா விற்றவள். அப்பளம் மாதிரி மெல்லிய அந்த ஒப்லேயாவில் பாலினிப்பைத் தடவிக்கொண்டே வருகிறவர் போகிறவரையெல்லாம் வம்புக்கு இழுப்பாளாம். பக்கவாதம் அவளது வலது பக்கத்தையும் வாயின் ஒரு கோடியையும் இழுத்துவிட்டிருந்தது. நாக்கை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. காலையில் நன்றாகத்தான் இருப்பாள். பிற்பகலில் இரட்டைக் கம்பிக்குக் கூட்டிப்போனால் தலை சுற்றுகிறது என்பாள், நாலு எட்டு வைப்பதற்குள் உட்கார்ந்துவிடுவாள். சிறுநீர்த் தொற்று வேறு அடிக்கடி வந்தது.

“தண்ணி குடிங்க, தண்ணி குடிங்கன்னு எத்தனை தடவை சொல்றது? டம்ளர் வச்சது வச்சபடி இருக்கு. தண்ணி குடிக்கக்கூடச் சோம்பலா?” என்று எதில்மா ஒருநாள் எல்லார் முன்னாலும் கத்தினாள்.

நொவோரா தன் கோணல் வாயால் சிரித்தாள். “ஆமாங்க டாக்டரம்மா. பொறந்ததிலிருந்தே சோம்பேறி.”

‘ஒத்துழைப்பதில்லை’ என்று எதில்மா அவள் பெயருக்கு நேராக எழுதிவைத்தாள்.

சோதனைக்கு ஒரு வாரம் இருக்கும்போது தரைக்கு மெழுகு போடச் சொன்னாள். காலையில் வந்து பார்த்தபோது தாழ்வாரம் முகம் பார்க்கிற மாதிரி மின்னியது. அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று. ஆனால் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் ரோமுலோ மாட்டிக்கொண்டிருந்த படம் கோணலாகத் தெரிந்தது.

“இடது பக்கம் தூக்கு! இடது பக்கம்!” என்று கத்திக்கொண்டே வழக்கமான வேகத்தில் நடந்தாள். பாதி தூரத்தில் கால் அவளை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டது.

விழுந்த சத்தத்தைவிட உள்ளே ஏதோ முறிந்த சத்தம்தான் அவளுக்குக் கேட்டது. இத்தனை வருடம் மற்றவர்களின் எலும்பைப் பற்றிப் பேசியவளுக்கு அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. ரோமுலோ ஏணியிலிருந்து குதித்து ஓடிவந்தான்.

“தூக்காதே! தொடாதே! தொடையெலும்பு, இடுப்புக்கிட்ட. ஸ்ட்ரெச்சர் கொண்டா” என்று படுத்தபடியே உத்தரவு போட்டாள். பிறகு வலி வந்தது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. உள்ளே கம்பி வைத்து முடுக்கியிருந்தார்கள். எலும்பு வார்டு நிரம்பியிருந்ததால் அவளைக் கொண்டுவந்து போட்ட இடம் அவளுடைய சொந்த மறுவாழ்வுப் பிரிவு. காலியாக இருந்த கட்டில் நொவோராவுக்கு அடுத்தது.

கண்ணைத் திறந்தபோது கோணல் வாய் ஒன்று அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

“வாங்க வாங்க, பக்கத்து வீட்டம்மா. வீடு பிடிச்சிருக்கா? காத்தோட்டமான இடம். என்ன, கொஞ்சம் பொறுமை வேணும். ‘பொறுமை, நொவோரா, பொறுமை’ன்னு எங்க டாக்டரம்மா எப்பவும் சொல்லுவாங்க. நீங்க பார்த்திருக்கீங்களா அவங்களை? நிக்காம ஓடுவாங்க.”

எதில்மா முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தாள். திரும்ப முடியவில்லை.

ஓடிப் பழகிய உடம்பு அசையாமல் கிடந்தால் என்ன ஆகும் என்று அவள் அப்போதுதான் தெரிந்துகொண்டாள். கால் கட்டிலில் கிடந்தது. அவளோ வார்டு முழுக்க அலைந்துகொண்டிருந்தாள். எதிர்ச்சுவரில் படம் ஒன்று லேசாக விலகியிருந்தது. அதை நேராக்கச் சொல்லிக் கூப்பிட்டாள். மருந்து வண்டியின் சக்கரம் கிரீச்சிட்டது. எண்ணெய் போடச் சொல்லிக் கூப்பிட்டாள். வந்தவர்கள் “சரிங்க டாக்டரம்மா” என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். படம் விலகியபடியே இருந்தது. சக்கரம் கிரீச்சிட்டுக்கொண்டே போயிற்று. விரலால் போர்வையின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி நூல் பிரித்துவிட்டாள்.

“போர்வையையாவது விட்டுவைங்க. சோதனைக்காரங்க வந்து எண்ணுவாங்க” என்றாள் நொவோரா.

முதல் நாள் சாயங்காலம் அவளுக்குச் சிறுநீர் முட்டியது. மணிக்கயிற்றை இழுத்தாள். ஊழியர் மேஜையில் விளக்கு எரிவது அங்கிருந்தே தெரிந்தது. மேஜையில்தான் யாருமில்லை. அது சாப்பாட்டு நேரம். நெல்சி எதிர்வரிசையில் கை வராத ஒரு கிழவருக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள். அவருக்குப் புரையேறியது. இன்னொரு பக்கம் யாரோ தட்டைக் கவிழ்த்துவிட்டார்கள். எதில்மா மறுபடி இழுத்தாள். பல்லைக் கடித்தாள். கட்டிலின் கம்பியைப் பிடித்தாள். நெல்சி பெட்பேனைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

“ஐயோ டாக்டரம்மா, மன்னிச்சிடுங்க, அந்தத் தாத்தாவுக்குப் புரையேறி…”

எதில்மா கண்ணை மூடிக்கொண்டாள். அம்மாவின் மடியிலிருந்து இறங்கிய நாளிலிருந்து இப்படியொரு அவமானம் அவளுக்கு நேர்ந்ததில்லை. பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு கேலி வரும் என்று காத்திருந்தாள். நொவோரா தன் சின்ன ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். துணி மாற்றி முடியும்வரை திரும்பவில்லை.

மறுநாள் பிற்பகல் வழக்கம்போல வெல்லத் தண்ணீர் வந்தது. அவளுக்குத் தாகமாகத்தான் இருந்தது. டம்ளரைக் கையில் எடுத்தாள். பிறகு மேஜையில் வைத்துவிட்டாள்.

“அப்புறம் குடிச்சுக்கிறேன்.”

நொவோரா மெல்லச் சிரித்தாள். “பரவாயில்லையே. சீக்கிரமே கத்துக்கிட்டீங்க.”

“எதை?”

“மத்தியானத்துக்கு மேல தொண்டையில ஒரு சொட்டு இறக்கக் கூடாதுங்கிறதை.”

எதில்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. நொவோரா மோவாயால் வார்டைச் சுட்டினாள். எதில்மா கழுத்தைத் தூக்கிப் பார்த்தாள். எதிர்வரிசையில் ஒவ்வொரு கட்டிலின் பக்கத்திலும் டம்ளர் இருந்தது. எல்லாமே நிறைந்திருந்தன. இந்த டம்ளர்களை அவள் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு கட்டிலின் முன்னாலும் நின்று, குடிக்காததற்குத் திட்டியிருக்கிறாள்.

“இவங்க எல்லாருமா?”

“வேற என்ன பண்றது, பக்கத்து வீட்டம்மா? நெல்சி பாவம், அவளுக்கு ரெண்டு கை. நனைஞ்ச படுக்கையில கிடக்கிறதைவிடத் தாகம் தேவலை.”

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“எப்படிச் சொல்றது? நீங்க கேள்வி கேட்டுட்டு பதில் வர்றதுக்குள்ள அடுத்த கட்டிலுக்குப் போயிடுவீங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அதோட வெட்கமா இருக்காதா? நானும் ஒரு பொம்பளைதானே” என்றாள்.

“ரோமுலோ இருந்தப்போ?”

“அப்பவும் கஷ்டம்தான். இப்போ ரொம்ப.”

தலைசுற்றல், பிற்பகல் சோர்வு, சிறுநீர்த் தொற்று, ஒத்துழைப்பதில்லை. எதில்மா கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. எங்கே ஓடுவது என்று தெரியவில்லை. தெரிந்தாலும் கால் வராது.

அன்றைக்கே ரோமுலோவைக் கூப்பிட்டு மாலைக்குத் திரும்பச் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான். “இயக்குநர் கையெழுத்து போடணும் டாக்டரம்மா. நீங்க இப்போ நோயாளி.”

இயக்குநர் மறுநாள் பூங்கொத்தோடு வந்தார். நலம் விசாரித்தார். குரலைத் தாழ்த்தினார்.

“மேல தனி அறை ஒன்னு ஒழிச்சு வச்சிருக்கேன். சோதனை முடியற வரைக்கும் அங்கே நிம்மதியா இருங்க.”

“நான் இங்கேயே இருக்கேனே.”

“பிரிவுத் தலைவியே தன் பிரிவுல விழுந்து கிடக்கிறதைப் பார்த்தா அவங்க என்ன நினைப்பாங்க? நீங்க விழுந்தது வெளிப் படிக்கட்டுலன்னு பதிவாயிருக்கு. வேலைக்கு வர்ற வழியில.”

“நான் மெழுகு போட்ட தாழ்வாரத்துல விழுந்தேன்.”

“மெழுகு போடச் சொன்னது யாரு, எதில்மா?”

அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். “இது உங்க பிரிவு. ஆரம்பத்துல எப்படி இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கிட்டா அந்தப் பலகை உங்களோடது.”

“சாயங்காலத்துக்கு இன்னொரு ஆள் வேணும்.”

“சோதனை முடியட்டும். பார்க்கலாம்.”

அவர் போனபிறகு அவளுக்கு ஒரு நிமிடம்கூட நிலைகொள்ளவில்லை. பலகை வேண்டும் என்ற ஆசை அவளுக்கு அவரைவிட அதிகம். பொய் சொல்லி வாங்கினால்தான் என்ன, வாங்கியபிறகு சரிசெய்துகொள்ளலாமே என்று ஒரு மனம் சொல்லியது. வாங்கியபிறகு யார் சரிசெய்வார்கள் என்று இன்னொரு மனம் கேட்டது. லிபார்தோ கோழிச் சாறு கொண்டுவந்து ஊட்டும்போது எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கிண்ணத்தைத் துடைத்து மூடினார்.

“தெருவுல எல்லாரும் எங்கே விழுந்தீங்கன்னு கேட்குறாங்க. நான் என்ன சொல்லட்டும்?” என்றார்.

மறுநாள் மேல்மாடிக்குக் கொண்டுபோக வந்த ஸ்ட்ரெச்சரை எதில்மா திருப்பியனுப்பினாள்.

சோதனைக்கு வந்தவர்களில் மூத்தவர் பெர்த்தா லோசானோ. நரைத்த முடியை ஒட்ட வெட்டிய, மெதுவாகப் பேசுகிற பெண்மணி. தாழ்வாரத்தைப் பார்த்தார், தொட்டிகளைப் பார்த்தார், நெல்சியிடம் தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று கேட்டார். நெல்சி சரியாகச் சொன்னாள். இயக்குநர் முகத்தில் வெளிச்சம் ஏறிக்கொண்டே வந்தது. பிறகு பெர்த்தா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு நொவோராவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இங்கே எப்படிக் கவனிச்சுக்கிறாங்க, அம்மா?”

“ராணி மாதிரி.”

“மணி அடிச்சா வர்றாங்களா?”

நொவோரா ஓரக்கண்ணால் எதில்மாவைப் பார்த்தாள். “அடிக்கிறதுக்கு முன்னாடியே வந்து நிப்பாங்க. ஒருநாள் நான் கனவுல அடிச்சேன், அதுக்கும் வந்துட்டாங்க.”

பெர்த்தா சிரித்தார். இயக்குநரும் சிரித்தார். பெர்த்தா எழுந்து நகரப் போனார்.

“அவங்க பொய் சொல்றாங்க” என்றாள் எதில்மா.

அவள் குரல் அவளுக்கே உரக்கக் கேட்டது. “எனக்காகச் சொல்றாங்க. நான் இந்தப் பிரிவோட தலைவி. மேஜைமேல இருக்கிற டம்ளரை எல்லாம் பாருங்க. சாயங்காலம் யாரும் கழிவறைக்குக் கூட்டிட்டுப் போக வரமாட்டாங்கன்னு பயந்து இந்த வார்டுல யாரும் தண்ணி குடிக்கிறதில்லை. சாயங்கால ஆளைக் காலைக்கு மாத்தினது நான். உங்களுக்காகத் தரையில மெழுகு போடச் சொன்னதும் நான். அதுலதான் விழுந்தேன். படிக்கட்டுல இல்லை.”

பெர்த்தா மறுபடி உட்கார்ந்தார்.

“இன்னொரு தடவை, மெதுவாச் சொல்லுங்க” என்றார்.

சான்று கிடைக்கவில்லை. அடுத்த வருடம் மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். இயக்குநர் கத்தவில்லை. எதில்மா விடுப்பில் இருக்கும்போதே பிரிவுக்குப் புதிய தலைவர் ஒருவரைப் போட்டுவிட்டார். அதைக்கூட அவள் எதிர்பார்த்திருந்தாள். எதிர்பார்க்காதது கூட இருந்தவர்களின் கோபத்தை. ரோமுலோ அவள் கட்டில் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டான். நெல்சி கண்ணைத் துடைத்துக்கொண்டே, “ராத்திரி பகலா எல்லாரும் உழைச்சோமே டாக்டரம்மா. ஒரு வார்த்தை எங்ககிட்ட கேட்டீங்களா?” என்றாள். நொவோரா அதைவிட மோசம். இரண்டு நாள் பேசவே இல்லை. மூன்றாம் நாள், பார்க்க வந்த தன் அக்கா வாங்கிவந்த, அந்த ஊர்க்காரர்கள் விரும்பித் தின்னும் வறுத்த எறும்புப் பொட்டலத்தைப் பிரித்து, தான் மட்டும் கொறித்துக்கொண்டிருந்தாள்.

“என்மேல என்ன கோபம்?” என்று எதில்மா கேட்டாள்.

“வாழ்க்கையில வாடிக்கைக்காரங்ககிட்ட நூறு பொய் சொல்லியிருக்கேன். ஒருத்தருக்கு உதவணும்னு சொன்னது இது ஒன்னுதான். போகோட்டாக்காரி முன்னாடி என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டீங்க.”

“என்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியலை.”

“அது தெரியுதே. உங்களுக்குக் காலும் நிக்காது, வாயும் நிக்காது.” இன்னொரு எறும்பை எடுத்து மென்றாள். பிறகு பொட்டலத்தை எதில்மா பக்கம் நீட்டினாள். “கை எட்டுதா?”

எட்டவில்லை. நொவோரா இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்து உடம்பை ஒருக்களித்துத் திருப்பி, எவ்வளவோ பயிற்சியில் செய்ய மறுத்த அந்தக் காரியத்தைச் செய்துவிட்டு, அதே கையால் பொட்டலத்தை எட்டக் கொடுத்தாள். எதில்மா அதைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் எறும்பை எடுத்துக்கொண்டாள்.

போகோட்டாக்காரர்களின் அறிக்கை கறாராக இருந்ததால் மாலைக்கு ஒன்றுக்கு இரண்டு ஆட்கள் வந்தார்கள். சாப்பாட்டு நேரத்தையும் கழிவறை நேரத்தையும் பிரித்தார்கள். டம்ளர்கள் காலியாகத் தொடங்கின. நொவோராவுக்குப் பிற்பகல் தலைசுற்றல் குறைந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு எதில்மாவும், இரட்டைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நொவோராவும் ஒரே நேரத்தில் நடை பழகினார்கள். யார் முதலில் கோடிக்குப் போவது என்று பந்தயம் கட்டினார்கள். எதில்மா அவசரப்பட்டுத் தடுமாறினாள். நொவோரா நிதானமாகப் போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்த்து, “பொறுமை, பக்கத்து வீட்டம்மா, பொறுமை” என்றாள்.

நொவோரா வீட்டுக்குப் போய்விட்டாள். தள்ளுவண்டியைத் தள்ள முடியவில்லை. பூங்காவில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, இடது கையால் ஒப்லேயா தடவுகிறாள் என்று கேள்வி. எதில்மா கைத்தடியோடு வேலைக்குத் திரும்பினாள், சாதாரண பிசியோதெரபிஸ்டாக. மாலை நேர வேலையை யாரும் விரும்புவதில்லை. அதைத் தனக்குக் கொடுங்கள் என்று புதிய தலைவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். நெல்சியின் கோபம் ஆற மாதக்கணக்கானது. ரோமுலோவுக்கு முழுதாக ஆறவே இல்லை.

அடுத்த வருடம் பெர்த்தா லோசானோ சொன்னபடி வந்தார். சாயங்காலம், அதுவும் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து வார்டுக்குள் நுழைந்தார். தாழ்வாரத்தில் கைத்தடி ஊன்றிய ஒரு பெண், பைஜாமா போட்ட ஒரு பெரியவரின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு எதிரே வருவதைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

“எதில்மா அம்மாதானே? உங்ககிட்டத்தான் முதல்ல பேசணும்னு நினைச்சேன். ஒரு நிமிஷம் ஒதுக்க முடியுமா?”

“அப்புறம், அம்மா, அப்புறம். இவருக்கு அவசரம்” என்று சொல்லிக்கொண்டே எதில்மா அவரைக் கடந்து கழிவறைப் பக்கம் போனாள்.